டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா? செல்ஃப் எடுக்காத பைக்குக்கு எது சரி

செல்ஃப் பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றவில்லை. உடனே பேட்டரியை மாற்றுகிறோம்; புது பேட்டரியிலும் அதே கதை. கோளாறு வயரில் இருந்தால் பேட்டரி என்ன செய்யும்? அளக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்பது என் கட்சி. எதை வைத்து அளப்பது என்பதற்கு, பட்டனை அழுத்தும்போது ரிலேயில் (மோட்டாருக்கு கரண்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) 'டிக்' சத்தம் வருகிறதா என்று முதலில் கவனியுங்கள்.

சத்தமே இல்லையென்றால் டெஸ்ட் லேம்ப். ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். ஒரு முனையை பேட்டரி மைனஸில் மாட்டி, சாவியை ஆன் செய்து, மறுமுனையால் ஃபியூஸின் இரண்டு பக்கமும் தொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. அங்கிருந்து கில் ஸ்விட்ச் (இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச்), கிளட்ச் ஸ்விட்ச் என்று வரிசையாகப் போகலாம்.

இந்த இடத்தில், வோல்ட்டை எண்ணில் காட்டும் மல்டிமீட்டர் ஆளை ஏமாற்றும். அதன் உள் மின்தடை பெரும்பாலும் 10 மெகாஓம். கரண்ட்டை இழுப்பதே இல்லை எனலாம். ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரிலும், களிம்பு பிடித்த கப்ளரிலும் (வயர்களை இணைக்கும் பிளக்) முழு 12 வோல்ட் காட்டிவிடும். 5 வாட் பல்போ 0.4 ஆம்பியர் இழுத்துத்தான் எரிகிறது; இணைப்பு மோசமாக இருந்தால் மங்கிக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் 'டிக்' வந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் பல்பால் பயனில்லை. செல்ஃப் மோட்டார் பல பத்து ஆம்பியர் கேட்கும். 0.4 ஆம்பியரைத் தாராளமாக விடுகிற இணைப்பு, அவ்வளவு சுமையில் படுத்துவிடும். பல்பு பளிச்சென்று எரியும், பைக் கிளம்பாது.

இங்கே மீட்டர்தான். டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் பிடியுங்கள். நன்றாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாது. கியரை நியூட்ரலில் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். 8 வோல்ட்டுக்கு விழுந்தால் பேட்டரி மீதோ இறுகிப்போன மோட்டார் மீதோ சந்தேகம். அசையாமல் 12.5 நின்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது.

பலரும் தவிர்ப்பது அடுத்த சோதனையை. கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். 0.2, 0.3 வோல்ட் வந்தால் பரவாயில்லை. 2 வோல்ட் வந்தால், இன்ஜினை பேட்டரி மைனஸோடு இணைக்கும் எர்த் கேபிள்தான் குற்றவாளி. எர்த் சரியாக இருந்தால், இதே முறையில் ப்ளஸ் கேபிளின் இரண்டு முனைகளிலும், ரிலேயின் இரண்டு தடி முனைகளிலும் மீட்டரைப் பிடித்துப் பார்க்கலாம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மீட்டரையே சொல்வேன். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக்கில் 5 வோல்ட் சென்சார் வயர்களைப் பல்பால் தொட்டால் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கெட வாய்ப்புண்டு; மீட்டரில் அந்த பயம் இல்லை. சுமை கொடுத்து அளக்க வேண்டிய இடத்தில், பைக்கின் இண்டிகேட்டர் பல்பு ஒன்றையே கழற்றி இரண்டு வயர் சேர்த்துக்கொள்ளலாம்.