லாக்கா, கிறிஸ்டீஸா, டன்னா? பழைய பிரிட்டிஷ் ஃபெல்ட் தொப்பிகள்

மேசைமேல் இரண்டு தொப்பிகள் இருக்கின்றன. இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் ட்ரில்பி என்ற குறுகிய விளிம்புத் தொப்பி, இரண்டும் ஒரே அளவு. ஒன்றின் உள்பட்டையில் தங்க எழுத்தில் லாக் அண்ட் கோ, செயின்ட் ஜேம்ஸ் ஸ்ட்ரீட். இன்னொன்றில் டன் அண்ட் கோ. முதல் தொப்பிக்குக் கொடுத்த காசில் இரண்டாவதைப் போல ஐந்து வாங்கியிருக்கலாம். எழுத்தை மறைத்துவிட்டு, வீட்டுக்கு வந்த நண்பர்கள் நாலு பேரிடம் தடவிப் பார்க்கச் சொன்னேன். மூன்று பேர் டன்தான் உசத்தி என்றார்கள். நாலாவது ஆள், "ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு வாங்கினே?" என்று கேட்டார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் தொப்பி வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உள்ளே அச்சடித்திருப்பது பல சமயம் விற்ற கடையின் பெயர், செய்த ஆலையின் பெயர் அல்ல என்பதைத்தான். அமெரிக்காவின் ஸ்டெட்சன், இத்தாலியின் போர்சாலினோ என்றால் செய்தவர் பெயரே தொப்பியின் பெயர். இங்கிலாந்தில் அப்படி இல்லை. பெயர் பெற்ற கடைகள் லண்டனில். நெய்யாமல், மயிரையோ கம்பளியையோ அமுக்கிச் செய்யும் ஃபெல்ட் துணியின் ஆலைகள் மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டிலும் டென்டனிலும், அப்புறம் வார்விக்‌ஷயரின் ஏதர்ஸ்டனிலும். ஆகவே லாக்கையும் கிறிஸ்டீஸையும் ஒப்பிடும்போது ஒரு கடையையும் ஓர் ஆலையையும் ஒப்பிடுகிறோம். இது மறந்துபோனால் காசு போய்விடும்.

லாக் 1676-இல் தொடங்கிய கடை. 1765 முதல் லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டில் அதே 6-ஆம் எண் கட்டடம். கடற்படைத் தளபதி நெல்சன் பச்சைக் கண்மறைப்பு வைத்த தொப்பி வாங்கியது இங்கேதான். இந்தக் கடையின் உண்மையான பெருமை சரித்திரத்தைவிடத் தலை அளக்கும் விதத்தில் இருக்கிறது. கன்ஃபார்மேட்டர் என்று ஒரு பிரெஞ்சுக் கருவி. பார்த்தால் யாரோ தட்டச்சு இயந்திரத்தைப் பிரித்துத் தொப்பி வடிவில் பூட்டியதுபோல இருக்கும். தலையில் கவிழ்த்தால் சுற்றிலும் உள்ள கட்டைகள் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். மேலே சின்ன ஊசிகள் ஒரு காகித அட்டையில் குத்தி, தலையின் சுற்று வடிவத்தைச் சிறியதாகப் பதித்துவிடும். புகழ்பெற்ற வாடிக்கையாளர்களின் அட்டைகளைக் கடையில் சட்டம்போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று மாங்கொட்டை மாதிரி, ஒன்று பலாக்கொட்டை மாதிரி. வட்டமான தலை என்று உலகத்தில் ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது.

பழைய லாக் தொப்பி வாங்குவதில் உள்ள சிக்கலும் இதிலேயே இருக்கிறது. அந்தத் தொப்பிக்குக் கூடுதல் விலை கொடுத்த முதல் சொந்தக்காரர், அது தன் தலைக்கென்றே வளைக்கப்பட்டதற்காகக் கொடுத்தார். அவருடைய மாங்கொட்டைக்கு வளைத்த தொப்பி என் பலாக்கொட்டையில் எப்படி உட்காரும்? ட்ரில்பி, ஃபெடோரா போன்ற மெத்தென்ற தொப்பி என்றால் பரவாயில்லை, நாலு நாள் போட்டால் பழகிவிடும். பௌலர் என்ற உருண்டையான கெட்டித் தொப்பி பழகாது. நெற்றியில் இரண்டு இடத்தில் அழுத்தி, காதோரம் இடைவெளி விட்டு, மாலைக்குள் தலைவலியைக் கொடுத்துவிடும்.

பௌலர் ஏன் இத்தனை கெட்டி என்பதற்குக் காரணம் அரக்கு. 1849-இல் எட்வர்ட் கோக் என்பவர், குதிரையில் போகும் தன் வேட்டைக்காவலர்களின் தலையைத் தாழ்ந்த கிளைகளிடமிருந்து காப்பாற்ற ஒரு தொப்பி வேண்டுமென்று லாக்கிடம் கேட்டார். லாக் அந்த வேலையைத் தேம்ஸுக்குத் தெற்கே சதர்க்கில் இருந்த பௌலர் சகோதரர்களிடம் கொடுத்தது. வந்த தொப்பியைக் கோக் தரையில் வைத்து ஏறி மிதித்துப் பார்த்தார், நசுங்கவில்லை, வாங்கிக்கொண்டார் என்பது கதை. லாக் கடையில் இன்றைக்கும் அதற்குக் கோக் என்றுதான் பெயர்; ஊரெல்லாம் செய்தவர் பெயரைச் சொல்கிறது. கடைக்கும் ஆலைக்கும் நடந்த போட்டியில் ஆலை ஜெயித்த ஒரே இடம் இது என்று நினைக்கிறேன். ஃபெல்ட்டை அப்படிக் கெட்டியாக்கும் அரக்கு நம் நாட்டுச் சரக்கு. சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகளில் பூச்சி கட்டிய அரக்கு கல்கத்தா வழியாகக் கப்பலேறிப் போனது. பாண்டவர்களை எரிக்கப் பார்த்த அதே அரக்குதான் லண்டன் வங்கிக்காரர்களின் தலையில் உட்கார்ந்திருந்தது.

எரியும் குணமும் கூடவே போனது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் ஃபெல்ட்டுக்குள் ஏற்றுவார்கள். 1901 ஜனவரியில் டென்டனின் வில்சன் ஆலையில் அந்த ஸ்பிரிட்டின் ஆவி வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

சரி, ஆலைக்கு வருவோம். கிறிஸ்டீஸ் 1773-இல் லண்டனில் தொடங்கியது. 1826-இல் ஸ்டாக்போர்ட்டில் ஓர் ஆலையை வாங்கி வடக்கே கால் ஊன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்தின் பெரிய தொப்பி ஆலைகளில் அதுவும் ஒன்று. அதே ஊரில் பேட்டர்ஸ்பி என்று இன்னோர் ஆலை. ஊரே தொப்பியில் பிழைத்தது. ஸ்டாக்போர்ட் கால்பந்து அணிக்கு இன்றும் பட்டப்பெயர் 'தொப்பிக்காரர்கள்'. (லூட்டன் அணிக்கும் அதே பட்டப்பெயர்தான். அந்த ஊர் முதலில் வைக்கோல் தொப்பிக்குப் பேர்போனது.) தலைகள் வெறுமையாகத் தொடங்கியதும் 1966-இல் கிறிஸ்டீஸ், பேட்டர்ஸ்பி, வில்சன் உள்ளிட்ட ஆலைகள் ஒன்றாகச் சேர்ந்தன. ஸ்டாக்போர்ட்டில் தொப்பித் தொழில் 1997-இல் முடிந்தது. பழைய வெலிங்டன் ஆலையில் இப்போது தொப்பி அருங்காட்சியகம் இருக்கிறது.

அங்கே போனால் ஃபெல்ட் எப்படிப் பிறக்கிறது என்று புரியும். முயல் மயிரை ஊதி ஒரு பெரிய கூம்பின்மேல் படிய வைப்பார்கள். அப்போது அது பஞ்சுமிட்டாய் போல, தொட்டால் பிய்யும். வெந்நீரில் நனைத்து, உருட்டி, அமுக்கி, மறுபடி நனைத்து, மறுபடி உருட்டி, பாதிக்கும் கீழே சுருங்கும்வரை விடமாட்டார்கள். மயிரிழையின் மேல் உள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் நெசவும் தையலும் இல்லாமல் துணி உருவாகிறது. செதில்கள் நன்றாகக் கவ்வ வேண்டுமென்று பாதரச உப்பில் தோலை ஊறவைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் புகையை மூச்சாக இழுத்தவர்களுக்குக் கை நடுங்கியது, புத்தி பேதலித்தது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொப்பி கிடைத்தால் அலமாரியில் வைத்துப் பார்ப்பதோடு சரி, தலையில் வேண்டாம்.

என் கையில் பட்டவரை, 1950-களின் கிறிஸ்டீஸும் பேட்டர்ஸ்பியும் போர்சாலினோவைவிடக் கனமானவை. இத்தாலிய ஃபெல்ட் விரலுக்கிடையில் பட்டுபோல நழுவும். ஸ்டாக்போர்ட் ஃபெல்ட் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். ஆனால் மான்செஸ்டர் மழைக்கு அந்தப் பிடிவாதம்தான் வேண்டும். நனைந்து காய்ந்த பிறகும் விளிம்பு அலை அலையாகத் தொங்காது.

டன் அண்ட் கோவின் கதை வேறு. பர்மிங்ஹாம் தெருக்களில் தொப்பி விற்ற ஜார்ஜ் ஆர்தர் டன் என்ற குவேக்கர் (ஒரு கிறித்தவப் பிரிவு) 1887-இல் தொடங்கி, நாடு முழுக்கக் கடை விரித்தார். குமாஸ்தாவும் ஆசிரியரும் வாங்கிய கடை. 1996-இல் மூழ்கியது. ஏகப்பட்ட தொப்பிகள் விற்றதால் இன்று பழைய பொருள் விற்கும் தர்மக் கடைகளில் அடிக்கடி தட்டுப்படும், விலையும் சல்லிசு. குறை என்னவென்றால் தரம் ஒரே சீராக இருக்காது. முயல் ஃபெல்ட்டும் உண்டு, கம்பளி ஃபெல்ட்டும் உண்டு. இரண்டிலும் அதே முத்திரை. பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம், தடவிப் பார்த்து வாங்கினால் லாபம். கம்பளி சொரசொரக்கும், மடக்கினால் அட்டைபோல மடங்கும். முயல் மயிர் மடக்கிய கையோடு எழுந்துகொள்ளும்.

ஹெர்பர்ட் ஜான்சன் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1889-இல் தொடங்கிய லண்டன் கடை, நல்ல கடைதான். அவர்களுடைய 'போயட்' மாதிரியைச் சினிமா நாயகன் இண்டியானா ஜோன்ஸ் போட்டதிலிருந்து விலை சினிமா விலை ஆகிவிட்டது. விசிறிகள் வாங்கட்டும்.

எந்தப் பெயரானாலும் உள்பட்டையைக் கீழே மடக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஓர் இணைய விற்பனையாளர் "அருமையான நிலை" என்று சொல்லி ஒரு கறுப்பு ஹோம்பர்க் தொப்பியை அனுப்பினார். முதல் நாளே உள்ளே இருந்த தோல் பட்டை அப்பளம்போல நொறுங்கிக் காலருக்குள் விழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்துப்பூச்சி ஓட்டைகள் நட்சத்திரம்போல மின்னின. தொப்பி என்று சொல்லித் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்.

வயதையும் உள்ளேயே படிக்கலாம். லண்டன் முகவரியில் எஸ்.டபிள்யூ.1 என்று தபால் வட்டார எண் இருந்தால் 1917-க்குப் பிந்தியது. விலைச்சீட்டில் பழைய நாணயமான ஷில்லிங் இருந்தால் 1971-க்கு முந்தியது. அளவில் ஒரு வில்லங்கம்: 58 சென்டிமீட்டர் தலைக்குப் பிரிட்டிஷ் எண் 7⅛, அமெரிக்க எண் 7¼. அமெரிக்க எண்ணை நம்பிப் பிரிட்டிஷ் தொப்பி வாங்கினால் காதுவரை இறங்கும். கொஞ்சம் பெரிதானால் பட்டைக்குள் செய்தித்தாளை மடித்துச் செருகலாம்; சிறிதானால் ஒன்றும் செய்வதற்கில்லை. நசுங்கி வந்தால் பயம் வேண்டாம். நான் இட்லிப் பானை ஆவியில் ஒரு நிமிடம் காட்டி விரலால் நீவிவிடுகிறேன். பௌலரை மட்டும் ஆவியில் காட்டாதீர்கள், அரக்கு இளகிவிடும்.

முதல் தொப்பி வாங்குகிறவருக்கு நான் கைகாட்டுவது பேட்டர்ஸ்பி. கிறிஸ்டீஸ் பெயரை எல்லோரும் அறிவதால் விலையும் அறிந்திருக்கிறது. பேட்டர்ஸ்பியை விற்கிறவர்களே பல சமயம் கவனிப்பதில்லை. பௌலர்தான் வேண்டுமென்றால் லாக்கோ கிறிஸ்டீஸோ, நேரில் தலையில் வைத்துப் பார்க்காமல் வேண்டாம். கையில் காசு குறைவு, ஆனால் கடை கடையாக ஏறி இறங்கப் பொறுமை உண்டு என்றால் டன். லாக் ட்ரில்பியை நான் வாங்கியது அந்தத் தங்க எழுத்துக்காகத்தான், ஒப்புக்கொள்கிறேன். போட்டுக்கொண்டால் அந்த எழுத்து என் தலைமுடிக்கு மட்டும்தான் தெரிகிறது.