துப்பாக்கிக் குழலில் ஈயப்பற்று: ஐந்து வருஷம் தேய்த்ததில் கைகொடுத்தவையும் கைவிட்டவையும்

குழலில் ஏறிய ஈயத்தை எடுக்க எந்தத் திரவம் நல்லது என்பதுதான் மதுரைப் பக்கம் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்கிற கேள்வி. குழலுக்கோ ஆளுக்கோ கெடுதல் செய்யாமல் ஈயத்தைக் கரைக்கிற திரவம் எதுவும் கிடையாது. கடையில் விற்கிற சால்வென்ட்கள் வெடிமருந்துக் கரியைக் கரைக்கும், ஈயத்துக்கு அடியில் ஊறிப் பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான். அம்மோனியா வாடை அடிக்கிற வகை செம்புப் பூச்சுள்ள குண்டுகளின் கறைக்கானது. ஈயத்திடம் அது செல்லாது. ஈயத்தைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எதனால் சுரண்டுகிறோம் என்பதில்தான் குழலின் ஆயுள் இருக்கிறது.

முதலில் ஏன் ஏறுகிறது என்று பார்ப்போம். இங்கே பேசுவது பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் இல்லை, காரீயம். 327 டிகிரியிலேயே உருகிவிடும் மெத்தென்ற உலோகம். குண்டு குழலைவிட இம்மி சிறுத்திருந்தால் பின்னாலிருந்து வரும் சூடான வாயு ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரித்து, முன்னால் சுவரில் அப்பிவிடும். குழலின் உள்சுவர் சொரசொரப்பாக இருந்தாலும், குண்டின் மேலுள்ள மெழுகு பாதி வழியில் தீர்ந்துபோனாலும் இதே கதைதான். பாயின்ட் 22-இல், அதாவது 0.22 அங்குலக் குழல் ரைஃபிளில், மெழுகு தீர்ந்தால் வாய்ப்பக்கம் பற்று ஏறும். பாயின்ட் 32 ரிவால்வரில் உருளையிலிருந்து குண்டு குழலுக்குள் நுழைகிற புனல் போன்ற பகுதியில் ஏறும். உருளையின் துளையும் குழலும் மயிரிழை விலகியிருந்தால் அந்தப் புனலின் ஒரே பக்கத்தில் கட்டியாக நிற்கும். அப்படிக் கண்டால் தேய்ப்பதோடு விடாமல் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கண்ணால் கண்டுபிடிக்கலாம். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் பூட்டை, கழற்றி, ஒரு முனையில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து வெளிச்சத்தைக் காகிதத்தில் அடித்து மறுமுனையில் பாருங்கள். சுத்தமான குழலில் உள்சுவரில் வெட்டிய சுருள் வரிகள் கண்ணாடி வளையமாகச் சுழன்று போகும். ஈயம் இருந்தால் வரியின் ஓரத்தை ஒட்டி, பழைய பட்டுப்புடவையில் பிரிந்து நிற்கிற ஜரிகை இழை மாதிரி, மங்கிய சாம்பல் கோடு கிடக்கும். எண்ணெய் பட்டாலும் அது மினுங்காது. 50 மீட்டரில் சேர்ந்து விழுந்த குண்டுகள் காரணமில்லாமல் சிதறினாலும் இதைச் சந்தேகிக்கலாம்.

இனி சாமான்கள். பிரஷையும் துணியையும் குழலுக்குள் தள்ள முழுநீளத் தண்டு, அதாவது இணைப்பே இல்லாத ஒற்றைத் தண்டு, விலை கூடுதலானாலும் அதுதான் வேண்டும். மூன்று துண்டாகக் கோக்கிற அலுமினியத் தண்டின் இணைப்புகள் குழலை உரசும், மெத்தென்ற அலுமினியத்தில் மணல் பதிந்து அரமாகிவிடும். வெண்கல பிரஷ் நல்லது. ஆனால் பற்று தடித்துவிட்டால் அது மேலே மேலே வழுக்கிப் போகும். அங்கே கைகொடுத்தது செம்புக் கம்பிதான். செம்பு ஈயத்தைவிடக் கடினம், எஃகைவிட மென்மை. வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுகிற செம்புத் தேய்ப்பு நாரை நம்மூர்ப் பாத்திரக்கடையில் தேடினால் செம்பு முலாம் பூசிய இரும்புதான் பெரும்பாலும் கிடைக்கும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் வேண்டாம். ஸ்டீல் நாரும் வேண்டவே வேண்டாம். எலெக்ட்ரிக் கடையில் வளைகிற செம்பு ஒயர் ஒரு முழம் வாங்கி, மேலுறையை உரித்து, உள்ளிருக்கும் மெல்லிய இழைகளைத் தேய்ந்த பிரஷ்மேல் சுற்றினால் போதும். மோட்டார் வைண்டிங் கம்பியில் வார்னிஷ் பூச்சு இருக்கும், அது சரிவராது. துணிக்குப் பழைய நூல் வேட்டிக்கு மிஞ்சியது இல்லை. கஞ்சி போக அலசிக் காயவைத்து, பாயின்ட் 22-க்கு ஓர் அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம்.

வேலை இப்படி: சால்வென்ட் நனைத்த துணியை அறைப்பக்கமிருந்து, அதாவது தோட்டா போடும் பின்பக்கமிருந்து, உள்ளே தள்ளி, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். காய்ந்த துணி ஒன்று. பிறகு வெண்கல பிரஷ் பத்து முறை. பாதியில் திருப்பி இழுக்காமல் வாய் தாண்டி வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும். அப்போது தண்டு வாய்விளிம்பில் உரசக்கூடாது. அந்த விளிம்பு ஒருபக்கம் தேய்ந்தால் குறி போய்விடும். அடுத்து செம்பிழை சுற்றிய பிரஷ், இறுக்கமாக, பதினைந்து இருபது முறை. இப்போது தள்ளும் துணியில் சாம்பல் நிறச் செதில்கள் ஒட்டி வரும். செதில் நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். பிரஷை மண்ணெண்ணெயில் அலசி வையுங்கள். அம்மோனியா பட்டு அலசாமல் விட்டால் வெண்கல இழைகள் அரித்து உதிரும், துணியில் பச்சைக் கறையும் வந்து குழப்பும்.

சுத்தம் செய்ததும் முதல் ஐந்து பத்துக் குண்டு சற்றே அலையும். பயப்பட வேண்டாம், மெழுகு படிந்ததும் சரியாகும்.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. ஈயம் கரையத்தான் செய்கிறது, ஆனால் ஈய அசிடேட் என்ற விஷமாகக் கரைகிறது, எஃகையும் அரிக்கிறது. பாதரசமும் ஈயத்தைக் கரைக்கும், ஆனால் அதுவும் விஷம். இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஈயத்தின்மேல் செம்புப் பூச்சுக் குண்டைச் சுட்டுத் தள்ளிவிடலாம் என்பதும் தப்பு, அழுத்தம் கூடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். கடைசிப் பூச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் போதும்.

12 போரில், அதாவது சிதறுகுண்டுத் துப்பாக்கியில், அறைக்கு முன்னாலும் வாய் குறுகும் இடத்திலும் மட்டும் பாருங்கள். பட்டையாக உரிந்து வந்தால் அது ஈயம் இல்லை, தோட்டாவின் பிளாஸ்டிக். ஏர் ரைஃபிளுக்குப் பிரஷே வேண்டாம், ஃபெல்ட் குண்டு, அதாவது சுத்தம் செய்யவென்றே கம்பளி நாரில் செய்த குண்டு, போதும்.

தடுப்பதில் பாதி, தோட்டாவைப் பாதுகாப்பது. பாயின்ட் 22 குண்டின் மெழுகு வெளியே தெரிகிற மெழுகு. கத்திரி வெயிலில் காருக்குள் பெட்டியை விட்டால் இளகி வழிந்துவிடும். ஆடிக்காற்றில் மேசைமேல் கொட்டி வைத்தால் புழுதி அதில் அப்பிக்கொண்டு குழலைத் தீட்டும். பத்துப் பத்தாக எடுத்து மூடி வைப்பதே வழி.

ஈயத் துகளே விஷம்தான். அதனால் நைட்ரைல் கையுறை, சோப்புப் போட்டுக் கை முகம் கழுவிய பிறகே சாப்பாடு, அழுக்குத் துணி கட்டிய பையில். அடுப்படியிலோ பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ இந்த வேலை கூடாது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டி வரலாம். ஈயத்துக்கும் கரிக்கும் அடியில் ஈரம் தங்கினால், திரும்பி வரும்போது அந்த இடத்தில் துருக்குழி விழுந்திருக்கும், அந்தக் குழியில் ஈயம் இன்னும் வேகமாக ஏறும். அதனால் ஒப்படைப்பதற்கு முந்தைய நாளே முழுச் சுத்தம் செய்து எண்ணெய் பூசுங்கள். தோல் உறையில் போட வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். திரும்ப வாங்கியதும் காய்ந்த துணி இரண்டு தள்ளி எண்ணெயை எடுத்த பிறகே முதல் தோட்டாவைப் போடுங்கள்.