குளத்துக்கு ஒரு புதுச் சட்டை

புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கிற அன்று யாரும் குறை சொல்லமாட்டார்கள். கண்ணாடி முன் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துவிட்டுக் காசைத் தந்து போவார்கள். பத்துத் தடவை தோய்த்து உலர்த்திய பிறகுதான் கக்கத்தில் பிரிகிறதா, சாயம் போகிறதா என்பதெல்லாம் தெரியவரும். முப்பத்தொரு வருடமாகத் தையல் மெஷினோடு இருப்பவள் நான். அதனால் எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்துக் குளத்தில் கட்டிய பூங்காவைப் பற்றி எழுதவும் அவசரப்படவில்லை. 2024 சித்திரையில் திறந்தார்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் போய், அடுத்த மாரிக்கு வானம் இருட்டத் தொடங்கியிருக்கிறது. இனி எழுதலாம்.

குளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. யாழ்ப்பாண நகரத்திலிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலம், அவ்வளவு போதும். அதைக் கட்டுவித்தவர்கள், கட்டியவர்கள், திறப்புவிழாவில் நாடா வெட்டியவர்கள் என்று பாதிப்பேரின் வீட்டுச் சட்டைகள் இந்த நேரமும் என் மேசையில் கிடக்கின்றன.

நடைபாதையிலிருந்து தொடங்குகிறேன். சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்திருக்கிறார்கள். அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடப்பதால் அளந்தும் பார்த்தேன்: ஐந்தடி இரண்டு அங்குலம். இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டே சேர்ந்து நடக்கலாம். மூன்றாவது ஆள் பின்னால் வந்தபடி "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கற்கள் இன்னும் ஆடவில்லை, சீராக இருக்கின்றன. விடியற்காலையில் நீரிழிவுக்காரர் எல்லாரும் இங்கேதான். முன்பு பஸ் போகிற வீதியோரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். இந்த ஒன்றுக்காகவே கட்டியவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

வாங்குகள் எட்டு. அவற்றில் ஆறு வீதியைப் பார்த்தபடி இருக்கின்றன. ஏன் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களை எண்ணலாம். தண்ணீரைப் பார்த்தபடி இருப்பவை இரண்டே இரண்டு. கனடாவிலிருந்து வந்த ஒருவர் தகப்பனாரின் நினைவாகச் செய்துகொடுத்தவை அவை. மேசன்மாரோடு வெயிலில் நின்று, எந்தப் பக்கம் பார்த்து வைக்கவேண்டும் என்று அவரே காட்டினாராம். அந்த இரண்டிலும் மாலையில் இடம் கிடைக்காது.

விளக்குக் கம்பங்கள் இருபத்திநான்கு. திறப்புவிழா இரவு அத்தனையும் எரிந்தன. குளம் கலியாணவீடு மாதிரி இருந்தது. சென்ற வெள்ளிக்கிழமை எண்ணினேன், ஒன்பது. எரியாத பதினைந்தில் ஆறுக்கு குமிழே இல்லை. மரக்கறிப் பந்தல் மாதிரி ஒரு வளைவில் "நான் என் ஊரை நேசிக்கிறேன்" என்று சிவப்பு இதயத்தோடு எழுத்துகள் வைத்தார்கள், அதில் 'ஊ' அணைந்து ஐந்து மாதம். இப்போது இரவில் என்ன வாசிக்கிறது என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

தேநீர்க் கடை ஒன்று உண்டு. பிளேன்ரீ ஐம்பது ரூபாய், இஞ்சி தட்டிப் போடுவார்கள், நன்றாக இருக்கும். வடை பிற்பகல் நான்கு மணிக்கு முன் வேண்டாம். காலையில் சுட்டது அதுவரைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். கழிவறையும் கட்டியிருக்கிறார்கள், ஆனால் அதற்குப் பூட்டு. திறந்துவிட்டால் அசுத்தப்படுத்துகிறார்களாம். பெண்கள் முழங்கால் வலியோடு மூன்று சுற்று நடக்கிற இடத்தில் கழிவறையைப் பூட்டி வைப்பது, சட்டைக்குக் கழுத்து வெட்டாமல் கொடுப்பது மாதிரி.

இனி ஊர்ச் சண்டைக்கு வருகிறேன்.

எங்கள் சனசமூக நிலையத்தில் காலைப் பத்திரிகையை மாலையிலும் வாசிப்பார்கள். பூங்கா திறந்த நாள் முதல் அங்கே இரண்டு கட்சி. கச்சேரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர், பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் தொகையை மனப்பாடமாகச் சொல்லுவார். "இந்தக் காசுக்கு ஒழுங்கை வாய்க்கால் முழுவதையும் கட்டியிருக்கலாம். மழை பெய்தால் வீட்டுக்குள் செருப்பு மிதக்கிறது, வெளியே விளக்கு எரிகிறது" என்பது அவருடைய வாதம். உலக வங்கி 2016 இல் யாழ்ப்பாண நகரத்துக்கென்று 5.5 கோடி டொலர் கடன் ஒதுக்கியதையும், அதில் வடிகாலும் வீதியும் முக்கியமாக இருந்ததையும் எடுத்துக்காட்டுவார். நிலத்துக்குக் கீழே போகிற காசுக்கு யாரும் நாடா வெட்டமாட்டார்கள் என்பார். எதிர்க்கட்சி, மின்சார வேலை பார்க்கிற ஒரு பெடியன். "ஐயா, இந்த இடம் முன்பு எப்படி இருந்தது? செத்த கோழியும் பம்பர்ஸும் கொட்டுகிற கிடங்கு. இப்போது என் பிள்ளை அங்கே சைக்கிள் ஓடப் பழகுகிறாள்" என்பான். இரண்டுபேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் சண்டை முடியவில்லை.

பெடியன் ஆரியகுளத்தைக் காட்டுவான். நகரத்தின் நடுவில் பாசி பிடித்துக் கிடந்த அந்தக் குளத்தை ஒரு தனியார் அறக்கொடையின் காசில் திருத்தி, மகிழ்வூட்டும் திடல் என்று 2021 டிசம்பரில் திறந்தார்கள். நானும் பேரப்பிள்ளைகளோடு போயிருக்கிறேன். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில் நின்று ஐஸ்கிறீம் குடிப்பது ஒரு தனி மகிழ்ச்சிதான். அண்ணை பதிலுக்குப் பண்பாட்டு மையத்தைக் காட்டுவார். பொது நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளக் கரையில், இந்திய நன்கொடையில் எழுந்த பதினொரு மாடி. 2015 இல் அடிக்கல், 2023 பெப்ரவரியில் கையளிப்பு. அறுநூறு பேர் இருக்கிற மண்டபம், மின்தூக்கி, குளிரூட்டி. கட்டுகிற காசு நன்கொடையாக வந்தது. நாளாந்தச் செலவை மாநகரசபையால் தாங்க முடியுமா என்ற கேள்வி திறக்க முன்பே வந்துவிட்டது. 2025 தையில் அதன் பெயரை மாற்றியபோது யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டுவிட்டது என்று ஊரே கொதித்து, பிறகு சேர்த்தார்கள். கொதித்ததில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அந்த மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று அதே சூட்டோடு நான் ஒருநாளும் கேட்டதில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் பார்த்தால் நல்லூரில் மந்திரி மனை என்ற பழங்காலக் கட்டடம். 2025 செப்டெம்பர் மழையில் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. புதிதாகக் கட்டத்தான் எங்களுக்குக் கை வருகிறது.

தையலில், வெளியே தெரியாமல் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்போம். பிள்ளை வளரும்போது பிரித்துப் பெருப்பிப்பதற்கு அது வேண்டும். வெட்டிக் குறைத்தால் துணி மிச்சம், சட்டையும் உடம்போடு அழகாக நிற்கும், ஆனால் அடுத்த வருடம் போடமுடியாது. பூங்காவின் கணக்கிலும் அந்த உள்மடிப்புத் துணி இல்லை. குமிழுக்கு, காவலாளிக்கு, கழிவறை கழுவுகிற ஆளுக்கு என்று யாரும் ஒரு சதம் விட்டுத் தைக்கவில்லை.

பெறுமதி என்ற சொல்லைப் பற்றியும் எனக்கு ஒரு மனத்தாங்கல். பூங்கா வந்த பிறகு எங்கள் பக்கம் பரப்பு விலை ஏறிவிட்டது என்று காணிக்காரர் எல்லாருக்கும் சந்தோஷம். என் தையற்கடை வாடகை அறை. தை பிறந்ததும் வீட்டுக்காரர் வந்து, "தங்கச்சி, இப்போது இது பூங்கா முகப்பு" என்று சொல்லி வாடகையைக் கூட்டினார். அன்றிலிருந்து சட்டைக் கூலியில் ஐம்பது ரூபாய் ஏற்றியிருக்கிறேன். நடைபயிற்சிக்கு வருகிற வாடிக்கைக்காரிகளுக்கு ஏன் என்று தெரியாது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இவ்வளவும் சொன்னேன், குளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சனசமூக நிலையத்திலும் இதே கதைதான். பூங்காவைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள், தண்ணீரைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் உண்டு. ஆனாலும் கிணற்றடியில் கப்பியும் கயிறும் வாளியும் இருக்கின்றன, அம்மா வைத்தபடியே. அந்தக் கயிற்றில் துணித் துண்டுகள் முடிந்திருக்கும். ஒவ்வோர் ஆடி அமாவாசையன்றும் வாளி தண்ணீரைத் தொடுகிற நேரம் கப்பியில் கயிறு எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கே ஒரு துண்டை அம்மா கட்டிவிடுவா. அவ போன பிறகு நான் கட்டுகிறேன். கயிறு இற்றுப்போனால் புதுக் கயிற்றில் அதே அளவுக்கு மாற்றிக் கட்டுவேன். 2019 க்குச் சீத்தைத் துணி. 2022 க்கு, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம், ஒரு சீருடையின் வெள்ளை ஓரம். 2023 க்கு மஞ்சள், பதினாலு முழத்தில். அந்த வருடமும் அடுத்த வருடமும் ஆடியில் தண்ணீர் கொஞ்சம் சவர் தட்டியது. சவர்க்காரம் நுரைக்காது, தேநீரில் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் தருகிறதுதான் சொத்து. அது குளத்தில் தேங்கி, சுண்ணாம்புக் கல்லுக்குள் மெல்ல இறங்கி, கிணற்றுக்கு வரும். அந்த நன்னீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே குடிக்கலாம், ஆழத்துக்குப் போகப்போக உப்பு. நன்னீர் குறைந்தால் உப்பு மேலே வரும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவரும் யோசனை கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் நின்றுபோய், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர், கடன் எடுத்து. அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடலைப் பிழிந்து எடுக்கிற தண்ணீரின் விலையைத் தெரிந்த பிறகு, குளத்தில் இலவசமாக இறங்குகிற தண்ணீரைப் பார்க்கும் கண் மாறவேண்டாமா?

பூங்கா வேலையில் குளத்தைத் தூர்வாரினார்கள். முப்பது வருடச் சேற்றை அள்ளினார்கள், நல்ல வேலை. ஆனால் சுற்றிவரக் கட்டிய நடைபாதைக்கு முழங்காலளவு சீமெந்துக் கட்டு. எங்கள் ஒழுங்கை வெள்ளம் காலங்காலமாகக் குளத்துக்குப் போகிற வாய்க்கால் அதற்குக் கீழே ஒரு குழாயாகச் சுருங்கிவிட்டது. வாயின் விட்டம் ஆறு அங்குலம், அளந்தேன். 2024 கார்த்திகைக் கடைசியில் பெங்கல் புயல் மழை கொட்டியபோது அந்தக் குழாயில் முதல் மணித்தியாலத்திலேயே வாழைச்சருகும் பொலித்தீனும் அடைத்துவிட்டன. ஒழுங்கையில் முழங்காலுக்கு மேலே வெள்ளம். சுவருக்கு அந்தப் பக்கம் தூர்வாரிய குளம் பாதி வயிற்றோடு பார்த்துக்கொண்டிருந்தது. என் மெஷினைக் கதிரைக்கு மேல் கதிரை வைத்துத் தூக்கினோம்.

அன்று இரவு யாரோ அலவாங்கு போட்டு அந்தக் கட்டை உடைத்தார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. இருட்டில் இரண்டு குரல் கேட்டது. ஒன்று, "ஐயா, விலகி நில்லுங்கள், கல்லுத் தெறிக்கும்" என்றது. மற்றது, "நீ விளக்கைப் பிடி, நான் இடிக்கிறேன்" என்றது. சனசமூக நிலையத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு குரல்கள் மாதிரி இருந்தது. விடியும்போது ஒழுங்கையில் சேறு மட்டும் நின்றது. குளம் தளும்பியது.

இந்த ஆடி அமாவாசைக்கு வாளியை இறக்கினேன். பன்னிரண்டரை முழத்தில் தண்ணீர். மஞ்சள் துண்டிலிருந்து ஒன்றரை முழம் வாளிப் பக்கமாக ஒரு நீலத் துண்டு கட்டியிருக்கிறேன். அந்த மாரி மழையும் கனமழைதான், முழுப் புகழையும் குளத்துக்குக் கொடுக்கமுடியாது. சவர் இல்லை. தேநீரும் தேநீராக இருந்தது.

ஆகவே என் மதிப்பீடு இது. விளக்குக்கு ஐந்தில் ஒன்று. நடைபாதைக்கு நான்கு. தூர்வாரியதற்கு ஐந்தும். அந்தத் திட்டத்தில் யாரும் வரைபடம் போடாத, பலகையில் விலை எழுதாத, இருபத்தேழு அங்குல அகலமுள்ள உடைப்புக்கும் ஐந்து.

சென்ற வாரம் உடைப்புக்குப் பக்கத்தில் இரண்டு பை சீமெந்து வந்து இறங்கியது. திருத்த வேலையாம். மேசன் என்னிடம்தான் அளவு நாடா இரவல் கேட்டார். "அடைக்கப்போகிறீர்களா, கம்பி வலை போட்டு வாயாகக் கட்டப்போகிறீர்களா?" என்று கேட்டேன். "சொல்லவில்லை அக்கா, அளந்துகொண்டு வா என்றுதான் சொன்னார்கள்" என்றார். நாடாவைக் கொடுத்தேன். கயிற்றையும் கொண்டுவந்து மஞ்சளையும் நீலத்தையும் காட்டினேன். நாளைக்குப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். சீமெந்துப் பை மழையில் நனையாமல் இருக்கத் தேநீர்க் கடைப் பெடியன் மேலே ஒரு தறப்பாள் போட்டிருக்கிறான்.

வர நினைக்கிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு முன் வாருங்கள், கனடாக்காரரின் வாங்கு கிடைக்கும். கழிவறைச் சாவி கடைக்குள், சீனிப் பேணிக்குக் கீழே. கேட்டால் தருவான்.