‘ஏனுங்கண்ணா’ என்ற குரலுக்கு 12,500 ரேண்ட்

போன வாரம் ஜோஹன்னஸ்பர்க் தமிழர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு வாய்ஸ் நோட் சுற்றியது. "ஏனுங்கண்ணா, வணக்கமுங்க" என்று ஆரம்பிக்கிறது. ஐடியில் வேலை போனவர்களுக்குக் கைகொடுக்கிறாராம். சிவியைச் சரிசெய்து இன்டர்வியூ வரை கொண்டுபோய் விடுவாராம். நம்பர் புதிது, கம்பெனிப் பெயரும் புதிது. குரல் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். 2024-இல் அந்தக் குரலுக்கு 12,500 ரேண்ட் கட்டியவன் நான். பெயரைப் போட்டால் அவதூறு வழக்கு என்று கிளம்புவார், அதனால் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கேட்ட மாதிரி இருந்தால் உஷாராகிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதினாறு வருட அனுபவம். சென்னையில் ஏழு, இங்கே ஒன்பது. ஜாவா, ஆரக்கிள், அதையெல்லாம் விட முக்கியமாக வங்கிக் கார்டு பரிவர்த்தனை. ஏடிஎம்மில் கார்டைச் செருகினால் பின்னால் வங்கிக்கும் வங்கிக்கும் நடுவே ஒரு செய்தி ஓடுமே, ஐஎஸ்ஓ 8583, அதுதான் எனக்குச் சோறு போட்டது. 2024 மார்ச்சில் 189-ஆம் பிரிவுக் கடிதம் கைக்கு வந்தது. இங்கே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அந்த எண்ணைக் கேட்டாலே வயிறு கலங்கும். ஆட்குறைப்புக்கு முன்னால் ஊழியரோடு கலந்து பேச வேண்டும் என்கிற தொழிலாளர் உறவுச் சட்டப் பிரிவு அது. பேசினார்கள், முடிவெடுத்துவிட்டுப் பேசினார்கள். முழு வருட சர்வீஸ் ஒன்றுக்கு ஒரு வாரச் சம்பளம், ஆக ஒன்பது வாரம். யுஐஎஃப், அதாவது அரசின் வேலையின்மைக் காப்பீடு, உண்டுதான். ஆனால் மாதம் 17,712 ரேண்டுக்கு மேல் வாங்கிய சம்பளம் அதன் கணக்கிலேயே வராது. வீட்டுக் கடன் கட்டுகிறவனுக்கு அது எந்த மூலைக்கு?

லிங்க்ட்இன்னில் 'வேலை தேடுகிறேன்' என்று காட்டும் பச்சை வளையத்தைப் படத்தைச் சுற்றி மாட்டிக்கொண்ட மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஏனுங்கண்ணா, வணக்கமுங்க. உங்க சிவியப் பாத்தேனுங்க. பதினாறு வருச சர்வீஸ இப்படி ரெண்டே பக்கத்துல அமுக்கி வெச்சிருக்கறீங்களே!"

நான் ஈரோட்டுக்காரன். மிட்ராண்டில் உட்கார்ந்துகொண்டு, வேலை போன ஒருவன் காலை பத்து மணிக்கு இந்தத் தமிழைக் கேட்டால் என்ன ஆகும்? அந்த 'ங்க'வில்தான் விழுந்தேன். எந்த ஊர், எந்தக் காலேஜ், பெருந்துறை ரோட்டில் எந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும் என்று இருபது நிமிடம். கடைசி ஐந்து நிமிடம்தான் விஷயம். என் சிவியை அவர்களுடைய மென்பொருளில் போட்டுப் பார்த்தாராம், நூற்றுக்கு 31 வந்ததாம். 50-க்குக் கீழே இருந்தால் மனிதக் கண்ணே படாதாம், மெஷினே குப்பையில் தள்ளிவிடுமாம். மொத்தம் 18,500 ரேண்ட். இப்போது 12,500, முதல் இன்டர்வியூ வந்ததும் 6,000.

என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வேல வாங்கிக் குடுக்கறவங்க கம்பெனிக்காரங்ககிட்டத்தானுங்க காசு வாங்குவாங்க? நம்மகிட்ட எதுக்கு?" இது சிவி ஆலோசனை, வேலை வாங்கித் தரும் கட்டணம் இல்லை என்று அவர் எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். இரண்டு பக்கத்தில் ஒரு ஒப்பந்தம், அதிலும் கையெழுத்துப் போட்டேன். 'தேவைக்கேற்பத் திருத்தி, விண்ணப்பதாரர் சார்பில் அனுப்பும் உரிமை' என்று ஒரு வரி இருந்திருக்கிறது. அடுத்தவன் எழுதிய கோடில் ஒரு கமா இடம் மாறினாலும் ரிவ்யூவில் திருப்பி அனுப்புகிறவன் நான். அதைப் படிக்கவில்லை.

புது சிவி வந்தது, நான்கு பக்கம். ஐஎஸ்ஓ 8583 என்ற வரியையே காணோம். கேட்டால், "அதெல்லாம் பழைய சரக்குங்கண்ணா, இப்ப யாரு கேக்கறாங்க?" என்றார். அதற்குப் பதிலாக, பல சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்ற கருவியில் 12 வருட அனுபவம் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூகுள் அதை வெளியே விட்டதே 2014 ஜூனில்தான், 1.0 வந்தது 2015-இல். உலகத்தில் யாருக்குமே இல்லாத அனுபவம் எனக்கு மட்டும் எப்படி வரும்? எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு, சுத்தமான ஒரு பிரதியை அனுப்பினார்கள். அது எனக்கு மட்டும் அனுப்பிய பிரதி என்பது அப்போது தெரியவில்லை.

ஜூன் கடைசியில் ரோஸ்பேங்கில் ஒரு பேமென்ட் கம்பெனியில் இன்டர்வியூ. இரண்டு பேர். மூத்த ஆர்க்கிடெக்ட் ஒரு அம்மா, பக்கத்தில் எச்ஆர் பையன். சுவரில் பெரிய டிவி, அதில் என் சிவி. மூன்றாவது வரியிலேயே அந்த 12 வருடம் உட்கார்ந்திருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இது என் சிவி இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மா, "இன்னொன்றும் பார்த்துவிடுவோம்" என்று கடைசிப் பக்கத்துக்குப் போனார். பாதிப் பக்கம் வெறுமை. கன்ட்ரோலையும் ஏ-வையும் சேர்த்து அழுத்தினார். அந்த வெள்ளை இடத்தில் வரிவரியாக நீலம் ஏறியது. காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினார். காஃப்கா, டெர்ராஃபார்ம், ரஸ்ட், மெஷின் லேர்னிங் என்று கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் ஒரு பத்தி முழுக்கச் சொற்கள், சிவியை வடிகட்டும் மெஷினை ஏமாற்றத்தான். அவர்கள் வேலைக்குக் கொடுத்த விளம்பரத்தின் முதல் இரண்டு வரியும் அதில் அப்படியே இருந்தது.

உண்மையைச் சொன்னேன். நம்பினாரா தெரியாது. ஆனால் எழுந்து போகச் சொல்லவில்லை. "சரி, உங்களுக்கு நிஜமாகவே தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். பேசினேன். இங்கே பாதி ஊருக்கு 25-ஆம் தேதி சம்பளம். அது வெள்ளிக்கிழமையாகவும் அமைந்துவிட்டால் அன்று சாயங்காலம், வங்கிகளுக்கு நடுவே இந்தச் செய்திகளைக் கடத்தும் ஸ்விட்சுக்கு மூச்சு முட்டும். ஒரு கடையிலிருந்து பணம் கேட்கும் 0200 செய்தி போகும், திரும்பி வரவேண்டிய 0210 பதில் நேரத்துக்கு வராது. டெர்மினல் 'டைம் அவுட்' என்று சொல்லிவிடும், வாடிக்கையாளர் கணக்கிலோ பணம் போயிருக்கும். அதை ரத்து செய்யும் 0420 ரிவர்சல் செய்தி இரண்டு முறை போனால் என்ன செய்வது, எந்த எண்ணை வைத்து அது ஒரே பரிவர்த்தனைதான் என்று கண்டுபிடிப்பது, இதையெல்லாம் ஒயிட்போர்டில் போட்டேன். அந்த அம்மா தானே ஒரு மார்க்கரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "இது உங்கள் சிவியில் இருந்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்போம். இந்த ஆவணத்தோடு உங்களை நான் மேலே அனுப்ப முடியாது."

பார்க்கிங்கில் காரில் ஏறுவதற்குள் போன் அதிர்ந்தது. "வாழ்த்துகள்! உங்கள் முதல் இன்டர்வியூ நிறைவடைந்தது. மீதி 6,000 ரேண்டை 48 மணி நேரத்துக்குள் செலுத்தவும்."

அன்று ராத்திரி ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். அந்த 31 மதிப்பெண் மென்பொருள் அவர்கள் தளத்தில் இலவசமாகவே இருந்தது. மனைவி டைப் செய்து வைத்திருந்த சாம்பார் பொடி அளவுக் குறிப்பைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றினேன். துவரம்பருப்புக்கும் கொத்தமல்லிக்கும் 38 கிடைத்தது, என்னை விட ஏழு அதிகம். என் பழைய சிவியை மூன்று முறை ஏற்றினேன், மூன்று முறையும் வேறு வேறு எண். காசு கட்டுவதற்கு முன்னால் செய்ய ஐந்து நிமிடம் போதும். டெஸ்ட் எழுதாமல் ப்ரொடக்ஷனுக்குப் போகாதே என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவன்.

பணம் போனதை விடப் பெரிய அடி அடுத்த வாரம் விழுந்தது. எனக்குப் பல வருடமாகத் தெரிந்த ஒரு ரெக்ரூட்டர், நேர்மையான பெண், செஞ்சூரியனில் எனக்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு வேலை இருக்கிறது என்றார். மறுநாளே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தக் கம்பெனிக்கு என் சிவி ஏற்கெனவே வேறொருவர் மூலம் போயிருக்கிறது. இந்தத் தொழிலில் இது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆளைச் சேர்த்துவிட்டால் கம்பெனிதான் ரெக்ரூட்டருக்குக் கட்டணம் கொடுக்கும், ஆண்டுச் சம்பளத்தில் இவ்வளவு விழுக்காடு என்று. ஒரே ஆளை இரண்டு பேர் அனுப்பினால் அந்தக் காசு யாருக்கு என்று சண்டை வரும். அந்தத் தலைவலிக்குப் பயந்து பல கம்பெனிகள் ஆளையே ஒதுக்கிவிடும். முதலில் அனுப்பியவருடைய உரிமை ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம்கூட நிற்கும். நான் வேலை செய்யத் தகுந்த இடங்களுக்கெல்லாம் 12 வருட குபர்நெட்டிஸ் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. எங்கெங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அது வணிக ரகசியமாம்.

சாண்ட்டனில் அலுவலகம் என்று இன்வாய்ஸில் இருந்தது, போனேன். கேட்டில் செக்யூரிட்டி நோட்டில் பெயர், கார் நம்பர், நேரம் எல்லாம் எழுதி உள்ளே போனால், ரிசப்ஷனில் இருந்த பெண் பாவமாகப் பார்த்தாள். அது வெறும் விலாச வாடகை. தபால் வந்தால் வாங்கி வைப்பார்கள், அவ்வளவுதான். இந்த மாதத்தில் கேட்டு வந்தவர்களில் நான் மூன்றாவது ஆள் என்றாள். இன்வாய்ஸில் இருந்த பெயரைக் கம்பெனிப் பதிவு ஆணையமான சிஐபிசி தளத்தில் தேடினேன், அப்படியொன்று இல்லை. காசு போன கணக்கு கம்பெனிக் கணக்கே இல்லை, ஒரு தனி ஆளுடையது. அனுப்பும்போதே அந்தப் பெயர் திரையில் வந்தது. பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

லெனேஷியாவில் ஒரு பெரியவர் இருக்கிறார், தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர். பேசுவதெல்லாம் இங்கிலீஷ். மிச்சமிருக்கும் தமிழ் 'தம்பி', 'சாப்பிட்டியா', 'முருகா'. மெல்ரோஸ் கோயிலில் பழக்கம். கதையைக் கேட்டுவிட்டு, "என் கொள்ளுத்தாத்தாவும் ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டுத்தான் மெட்ராஸில் கப்பலேறினார் தம்பி" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் பேனா எடுத்து எழுதிக் கொடுத்தார். வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம், 2014-இன் 4-ஆம் எண், பிரிவு 15: வேலை தேடுகிறவரிடம் அந்தச் சேவைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. 'சிவி ஆலோசனை' என்று பில் போடுவது இதைச் சுற்றிப் போகத்தான் என்றார். ஒப்பந்தத்தில் 'சார்பில் அனுப்பும் உரிமை' என்று இருப்பதால் அந்தச் சாக்கு நிற்காது என்பது அவர் வாதம். எழுத்து மூலமாகத் தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுத்தேன்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார், எனக்கு அது காலம் கடந்து தெரிந்தது. நாம் தேடிப் போகாமல், அவர்களாகப் போன் செய்து நம் தலையில் கட்டியிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி ஐந்து வேலை நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். எழுதிக் கொடுத்தால் போதும். இந்த வாரம் யாராவது கட்டியிருந்தால் இதை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அந்த மெயிலை அனுப்புங்கள்.

என் தகவல்களை அழிக்கச் சொல்லி, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின், அதாவது போப்பியாவின், படிவம் 2-ஐ அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் 20,000 ரேண்ட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் விட மாட்டார்கள். 14 நாள் கெடு வைத்துக் கடிதமும் அனுப்பியாகிவிட்டது. ஆனால் எதிராளி இருக்கும் இடத்தை நான்தான் காட்ட வேண்டும். நான் காட்டக்கூடியது ஒரு தபால் பெட்டியைத்தான்.

சிவியை மறுபடி இரண்டு பக்கமாக்கிவிட்டேன், முதல் வரியே ஐஎஸ்ஓ 8583. ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டு, என் பெயரில் வேறு சிவி வந்திருந்தால் அது என்னுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு இடத்தில் இருந்தது. சொல்லும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்தக் குரலிடம் சிவி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் உங்களுக்கு அனுப்பியதை மட்டும் பார்க்காதீர்கள். ஏதாவது ஒரு கம்பெனியிடம் கேட்டு, அவர்களுக்குப் போன பிரதியை வாங்குங்கள். திறந்து கன்ட்ரோல் ஏ அழுத்துங்கள். கடைசிப் பக்கத்து வெற்றிடத்தில் நீலக் கோடு ஏறினால் எனக்கு எழுதுங்கள். சாண்ட்டன் ரிசப்ஷனுக்கு வந்த அந்த இரண்டு பேரையும் தேடிக்கொண்டிருக்கிறேன். அபிடவிட், அதாவது சத்தியப் பிரமாணப் பத்திரம், ஒரு பக்கம்தான், போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை போடக் காசு வாங்குவதில்லை. மிட்ராண்ட் ஸ்டேஷனுக்கு என்றால் நானே கூட வருகிறேன்.