ஓவியமா, வடிவமைப்பா: பள்ளியில் எதை எடுப்பது?

14, 15 வயதில் கலைப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: ஓவியம், சிற்பம் என்று போகும் நுண்கலை, அல்லது போஸ்டர், லோகோ, புத்தக அட்டை என்று போகும் வடிவமைப்பு. எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். பல வருடங்களாகக் கலை வகுப்பு எடுக்கும் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வரைந்தது சரியாக வராதபோது உங்கள் பிள்ளை என்ன செய்கிறது?

நுண்கலை வகுப்பில் ஒரு பழைய ஷூவை மேஜையில் வைத்து வரையச் சொல்வேன். முதல் அரைமணி நேரம் யாருமே அந்த ஷூவை வரைவதில்லை. மனதில் இருக்கும் ஷூவைத்தான் வரைகிறார்கள். லேஸ் கோக்கும் ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவில் உருண்டையாக இருக்கும். எதிரே இருக்கும் ஷூவிலோ பக்கவாட்டில் திரும்பிய ஓட்டை நீள்வட்டமாகத் தெரிகிறது, தள்ளிப் போகப் போகச் சிறுக்கிறது. அதைக் கண்டுகொண்ட பிள்ளை அழிரப்பரைத் தேடாமல் மறுபடி ஷூவைப் பார்க்கும். அப்புறம் 2பி பென்சிலை வைத்துவிட்டு, அதைவிடக் கருமையான 6பி எடுத்து உள்ளே இருக்கும் இருட்டைத் தேய்க்க ஆரம்பிக்கும்.

இந்த வழியின் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எதை வரைவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு வாரம் வெற்றுப் பக்கத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் வான்கோவைப் பற்றிச் சொல்வேன். 1887-ல் அவர் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மழைப் பாலம் அச்சுப்படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். கற்றுக்கொள்வதற்காகப் பார்த்து வரைவதில் வெட்கமே இல்லை.

வடிவமைப்பில் கேள்வி வெளியிலிருந்து வருகிறது. நூலகத்துக்கு ஒரு போஸ்டர், பத்தடி தள்ளி நின்றாலும் படிக்க முடிய வேண்டும். சுதந்திரம் குறைவு என்று தோன்றலாம். ஆனால் லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933-ல் வெளியான வரைபடத்தைப் பாருங்கள். நிஜத் தூரங்களை விட்டுவிட்டு, கிடை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு என்று மூன்று விதக் கோடுகளில் பாதைகளை முடித்துவிட்டார். எந்த நிலையத்தில் ரயில் மாறுவது என்பதே பயணிக்குத் தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

என் மாணவர்களுக்கு முதல் பாடம் எழுத்து இடைவெளி. ‘படம்’ என்று பெரிதாக எழுதச் சொல்வேன். ஸ்கேல் வைத்துச் சம இடைவெளி விட்டாலும், ‘ட’வுக்கும் ‘ம்’முக்கும் நடுவில் பள்ளம் விழுந்த மாதிரி தெரியும். ‘ட’வின் வலப்பக்கம் மேலே காலியாக இருப்பதுதான் காரணம். ‘ம்’மைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால்தான் கண்ணுக்குச் சமமாகும். அளவுகோலை நம்புவதா, கண்ணை நம்புவதா என்ற இந்த இடத்தில் சில பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, “உனக்கு எப்படித் தெரியுது?” என்று கேட்கும். வடிவமைப்புக்கு அந்தப் பிள்ளைகள்தான் சரி.

செலவு இரண்டிலும் உண்டு. அங்கே வண்ணமும் காகிதமும் காயவைக்க இடமும். இங்கே கணினியும் அச்சும். மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியமில்லை, இங்க்ஸ்கேப், கிம்ப் இலவசம். திரையில் பளிச்சென்று இருந்த பச்சை அச்சில் மங்கி வருவதை மட்டும் முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும்.

‘வரைய வராதவர்களுக்குத்தான் வடிவமைப்பு’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 1919-ல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் மரம், உலோகம், நெசவு என்று எந்தப் பட்டறைக்குப் போகிறவருக்கும் முதலில் வடிவம், வண்ணம், பொருள் பற்றிய அடிப்படை வகுப்பு இருந்தது. அதனால், இரண்டு மனதாக இருக்கும் பிள்ளையை முதல் வருடம் நுண்கலையில் விடுங்கள் என்பேன். ஷூவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ‘ட’வின் பள்ளம் சீக்கிரம் தெரியும். ஆனால் எதை வரைந்தாலும் “இது யாருக்கு?” என்று கேட்கிற பிள்ளையை ஒரு வருடம் காக்க வைக்க வேண்டாம், நேரே வடிவமைப்புக்கு அனுப்புங்கள்.

எதை எடுத்தாலும் சரி, ஸ்கெட்ச் புக்கில் கோணலாக வந்த பக்கங்களைக் கிழிக்க விடாதீர்கள். சேர்க்கை நேர்காணலில் நான் முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.