வாசம் போன புதினா: நாலு வருடம் சாடிகளுக்குப் பசளை போட்ட அனுபவம்

2021 தொடக்கத்தில் வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கை ஒன்றில் உள்ள தொடர்மாடிக்குக் குடிவந்தபோது பல்கனியில் இரண்டே இரண்டு சாடி. ஒன்றில் கறிவேப்பிலை, மற்றதில் ரம்பை. நாலு வருடத்தில் அது மொட்டைமாடி மூலையையும் பிடித்துப் பதினேழு சாடியாகிவிட்டது. புதினா, வல்லாரை, துளசி, கற்பூரவள்ளி எல்லாம் உண்டு. கொத்தமல்லியும் இருந்தது. அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. கொழும்பு வெயிலுக்கு ஒரு சாண் வளர முன்னமே பூத்துவிடும், அதற்கு எந்தப் பசளையாலும் மருந்து கிடையாது.

முதலில் யூரியா. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்களே, அப்போது வவுனியாவிலிருந்து வந்த மாமா தன் தோட்டத்து மிச்சத்தில் ஒரு மைலோ டின் நிறைய, தங்கம் தருவது போலத் தந்துவிட்டுப் போனார். நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உள்ள சாமான் என்பது எனக்கு மண்டையில் ஏறவில்லை. சாடிக்கு ஒரு தேக்கரண்டி வீதம் தூவினேன். மூன்றாம் நாள் புதினாவின் இலை ஓரமெல்லாம் தீய்ந்த தோசை மாதிரி. தப்பியது மட்டும் பிறகு தளதளவென்று வளர்ந்தது. இலை உள்ளங்கை அகலம், தண்டு நீளம், குருத்துக்கு அடியில் அழுக்கணவன் பூச்சி. ஆனால் கசக்கி முகர்ந்தால் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு அன்ரி சம்பலுக்கு ஒரு பிடி வாங்கிப் போனவர் மறுநாள் கதவடியில் நின்று கேட்டார்: "பிள்ளை, நீங்கள் தந்தது புதினாவோ, புல்லோ?"

அன்றிலிருந்து ஒரு பசளை நல்லதா கெட்டதா என்பதை இலையின் அளவை வைத்துப் பார்ப்பதில்லை. கசக்கி முகர்ந்துதான் பார்க்கிறேன்.

அடுத்தது சமையலறைத் தண்ணீர்கள். அரிசி கழுவின தண்ணீர் தீமை செய்யவில்லை, பெரிய நன்மையும் தெரியவில்லை. அன்றன்றே ஊற்றிவிட வேண்டும், வைத்திருந்தால் புளித்து நாறும். தேயிலைச் சக்கையை மண்ணுக்கு மேலே கொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், சீனி போட்ட தேத்தண்ணியின் சக்கையென்றால் எறும்பும் வரும். முட்டைக்கோது கரைய மாதக்கணக்காகும், மாவாக இடித்தால்தான் ஏதோ கொஞ்சம். மீன் கழுவின தண்ணீரை ஒரே ஒரு தடவை ஊற்றினேன். வெள்ளவத்தைக் காகங்களுக்கு யார் தந்தி அடித்தார்களோ, அரை மணித்தியாலத்தில் வல்லாரையைக் கிளறி வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டன. மேல்மாடிக்காரர் மணத்துக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடையில் வாங்கிய கூட்டெருவும் எனக்கு அமையவில்லை. ஒரு பையில் பொலித்தீன் துண்டும் கண்ணாடிச் சில்லும் கிடந்தன, பெயர் வேண்டாம். அதன்பிறகு வீட்டிலேயே செய்கிறேன். பழைய பெயின்ட் வாளியின் அடியிலும் பக்கங்களிலும் ஓட்டை போட்டு, ஒரு பிடி மரக்கறித் தோலுக்கு இரண்டு பிடி காய்ந்த இலையோ கிழித்த பேப்பரோ என்று அடுக்கிக்கொண்டு போவேன். தேயிலைச் சக்கையும் இப்போது அதற்குள்தான். ஈரம் கூடினால் தென்னந்தும்புத் தூள். மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும். மழை பெய்த மண்ணின் மணம் வந்தால் சரி, புளிச்ச மணம் வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலச் சாடிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பிடி, அவ்வளவுதான்.

ஒரே பசளையை ஒரே அளவில் போட்டும் பல்கனிச் செடியும் மொட்டைமாடிச் செடியும் ஏன் வேறு வேறாக நடந்துகொள்கின்றன என்று பிடிபடத்தான் எனக்கு இரண்டு வருடம் போனது. மொட்டைமாடியில் மே மாத மழையும் ஐப்பசி மழையும் நைதரசனைக் கழுவிச் சாடிக்கு அடியால் கொண்டுபோய்விடும். அடி இலைகள் ஒரேயடியாக மஞ்சளாகும். பல்கனியில் மழையே விழாது, போட்ட பசளையின் உப்பெல்லாம் அங்கேயே தங்கும். மண்ணின் மேலே வெள்ளையாகப் படை கட்டியதைக் கடல் காற்றின் உப்பு என்று நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், சாடியின் உள்விளிம்பிலும் அதே படை. பெரும்பங்கு நான் போட்டதுதான். இப்போது பல்கனிச் சாடிகளை மாதம் ஒருமுறை குளியலறைக்குத் தூக்கிப்போய், அடியால் தண்ணீர் தாராளமாக ஓடும்வரை ஊற்றி வடிய விடுகிறேன். மொட்டைமாடிக்கு ஒரேயடியாகப் போடாமல், மழை ஓய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக.

அல்பர்ட் கரைசல் தூளும் வைத்திருக்கிறேன். மண் இல்லாமல் தண்ணீரில் வளர்ப்பவர்கள் பாவிப்பது. சாடிக்குப் பைக்கற்றில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும், அதுவும் கறிவேப்பிலைக்கும் வல்லாரைக்கும் மட்டும், மூன்று கிழமைக்கு ஒருமுறை. இலையை ஓயாமல் ஆய்கிறோம், அவற்றுக்குச் சத்துத் தேவை அதிகம். கறிவேப்பிலையின் புதுக் கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை, யூரியா கேட்கவில்லை. துளசிக்குக் கூட்டெருவோடு சரி. கற்பூரவள்ளிக்கு நாலு வருடமாக ஒன்றுமே போட்டதில்லை. பல்கனிக் கதவைத் திறக்கும்போது உடுப்பு உரசினாலே மணக்கிறது. அன்ரி இருமலுக்கு வந்து ஆய்ந்துகொண்டு போவதும் அதில்தான்.

மிச்ச யூரியா டின்னுக்குள் கட்டிபட்டுக் கிடந்தது. கீழ்மாடி அண்ணா வளவு வாழைக்குக் கேட்டார். எடுத்துக்கொண்டு டின்னை மட்டும் திருப்பித் தாருங்கள் என்றேன். மாமா வந்தால் கேட்பார்.