முழங்கால் சத்திரசிகிச்சைக்குச் சென்னை போகிறவர்கள் முகவரிடம் பணம் கொடுக்குமுன்

அம்மாவுக்கு வலது முழங்கால் தேய்ந்து இரண்டு வருடம். அரச வைத்தியசாலையில் காத்திருப்பு நீண்டது. கொழும்புத் தனியார் கட்டணம் எங்களுக்கு எட்டவில்லை. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் ஏறினால் சென்னை கூப்பிடு தூரம்தான். ஊரில் பலரை அழைத்துப்போன முகவர் ஒருவர், "எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து எண்பதாயிரம் இந்திய ரூபாய், அக்கா. அதற்கு மேல் ஒரு சதமும் வராது" என்றார். நம்பினேன்.

சத்திரசிகிச்சை அன்று காலை ஆறு மணி. அம்மா பச்சை அங்கியில், கையில் ஊசி ஏற்றியபடி தள்ளுகட்டிலில் படுத்திருக்கிறார். அப்போதுதான் முகவரும் வைத்தியசாலைக்காரர் ஒருவரும் ஒரு தாளோடு வந்தார்கள். பேசிய தொகைக்குச் சாதாரண மூட்டுதானாம்; வெளிநாட்டு மூட்டு நெடுநாள் உழைக்குமாம்; மேலும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். "இப்போதே சொல்லுங்கள், டாக்டர் காத்திருக்கிறார்." அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிவிட்டேன். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளை பேரம் பேசும்? அதைத் தெரிந்தேதான் அந்த நேரத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

பற்றுச்சீட்டில் ஒரே வரி: "பேக்கேஜ்". விவரம் கேட்டபோது முகவரைக் கேட்கச் சொன்னார்கள். முகவர் வைத்தியசாலையைக் கைகாட்டினார். பத்து நாள் என்று சொன்ன இயன்முறைப் பயிற்சியும் மூன்று நாளோடு நின்றது.

உண்மை வெளிவந்தது இரவுப்பணித் தாதி ஒருவரால். பொருத்திய மூட்டின் உறையிலிருந்து உரிக்கும் சிறு ஒட்டுச்சீட்டுகளை நோயாளியின் கோப்பில் ஒட்டிவைப்பார்கள். தொடை எலும்புக்கு ஒன்று, கீழ்க்கால் எலும்புக்கு ஒன்று, நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டுக்கு ஒன்று. தொகுதி எண்ணும் இருக்கும். அதைப் படமெடுக்க விட்டார் அந்தப் பிள்ளை. ஊர் திரும்பி எலும்பு வைத்தியரிடம் காட்டினேன். எங்கும் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் என்ற கலப்புலோக மூட்டு, விசேடம் ஒன்றும் இல்லை என்றார். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு இந்த வகை முழு மூட்டுக்கு வகுத்த உச்சவிலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஒட்டவில்லை: என்னிடம் "மேலதிகமாக" வாங்கியது மட்டுமே அதைப்போல் இரண்டரை மடங்கு.

சத்திரசிகிச்சை செய்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் செய்த வேலை சுத்தமான வேலை. அம்மா கோவிலுக்கு நடந்து போய் வருகிறார். ஆனால் பயிற்சி குறைந்ததால் முழங்கால் இன்னும் சரியாக மடியவில்லை. தாழ்ந்த கதிரையிலிருந்து எழும்ப ஆள் வேண்டும். போன பணத்தைவிட இதுதான் என்னை வதைக்கிறது.

போகிறவர்கள் வைத்தியசாலையின் வெளிநாட்டு நோயாளர் பிரிவுக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். எக்ஸ்ரேயை அனுப்பி மதிப்பீடு கேளுங்கள். மூட்டின் பெயர், வகை, விலை தனி வரியில் இருக்கவேண்டும். இ-மருத்துவ விசாவில் 60 நாள் தங்கலாம், உதவிக்கு இருவர் போகலாம். அவசரப்பட்டுத் திரும்ப வேண்டியதில்லை. வீடு வருமுன் ஒட்டுச்சீட்டுகளின் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

போன கிழமை பக்கத்துவீட்டு மாமி அதே முகவர் கொடுத்த தாளோடு வந்தார். அதே தொகை, அதே ஒற்றை வரி. அன்றிரவே அவருக்காக நான் வைத்தியசாலைக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது, பதினான்கு வரிகளில்.